முட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்: லிம் சூ காங் பண்ணைக் கூண்டிலிருந்து வீட்டு அடுப்பு வரை

போன மாதம் தேக்கா ஈரச்சந்தையில் முட்டை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, "தம்பி, இது நாட்டுக்கோழி முட்டைதானே?" என்று கேட்டார். "ஆமாக்கா, நிறத்தைப் பாருங்க, எவ்வளவு செவப்பா இருக்கு" என்றார் கடைக்காரர். அந்த அம்மாவும் இரண்டு வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்கிப் போனார். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைச் சொல்லும். வேறு எதையும் சொல்லாது. பண்ணையில் கூண்டுக்குள் இருக்கும் கோழியும் பழுப்பு முட்டை இடும், தோட்டத்தில் மேயும் கோழியும் வெள்ளை முட்டை இடும். சிங்கப்பூரில் நாம் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முட்டை சாப்பிடுகிறோம். இவ்வளவு சாப்பிடும் பொருளை நிறம் பார்த்து வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் முட்டை உருவாவதிலிருந்து தொடங்கி, வாங்கி, வைத்து, சமைப்பது வரை படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கோழியின் வயிற்றுக்குள் 25 மணி நேரம்

என் அம்மா செம்பவாங் கம்பத்தில் (கிராமத்தில்) பத்துப் பன்னிரண்டு கோழி வளர்த்தார். "இன்னிக்கு முட்டை, நாளைக்கு லீவு" என்று ஒரு பெட்டைக்குப் பெயரே வைத்திருந்தார். அந்தப் பெட்டையின் கணக்கு சரிதான் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்யும். முற்றிய மஞ்சள் கரு ஒன்று அதிலிருந்து விடுபட்டு முட்டைக்குழாயில் விழுகிறது. சேவல் இருந்தால், முதல் கால் மணி நேரத்துக்குள் கரு கூடிவிடும். சேவல் இல்லாவிட்டாலும் முட்டை வரும். கடையில் வாங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான், எத்தனை நாள் அடைகாத்தாலும் குஞ்சு பொரிக்காது. அடுத்த மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உள்தோல் உருவாகும். அதன் பிறகு ஓடு கட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம்.

கூட்டினால் 24 முதல் 26 மணி நேரம். நாளுக்கு 24 மணி நேரம்தானே, ஆகவே முட்டையிடும் நேரம் தினமும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். பொழுது சாயும் நேரம் நெருங்கியதும் கோழி ஒரு நாள் விட்டுவிடும். அம்மா சொன்ன லீவு இதுதான். பண்ணை இனங்களை இந்த இடைவெளி குறையும்படி தேர்ந்தெடுத்தே பெருக்கியிருக்கிறார்கள். அவை ஆண்டுக்கு 300க்கு மேல் இடும். புலாவ் உபின் தீவில் புதரிலிருந்து எட்டிப் பார்க்கிறதே, சிவப்புக் காட்டுக்கோழி, உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். அது ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து இட்டால் பெரிது.

படி 2: குஞ்சிலிருந்து முட்டைக்கோழி

பொரிப்பகத்தில் 21 நாளில் குஞ்சு வெளிவரும். முதல் நாளே பெட்டை எது, சேவல் எது என்று பிரித்துவிடுவார்கள். முட்டை இனத்துச் சேவல் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது. ஆகவே உலகின் பெரும்பாலான பொரிப்பகங்களில் அவற்றை அன்றே கொன்றுவிடுகிறார்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே சாப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பெட்டைக் குஞ்சுகளுக்கு மாரெக்ஸ், வெள்ளைக்கழிச்சல், கம்போரோ, அம்மை என்று கோழி நோய்களுக்கு வரிசையாகத் தடுப்பூசி. 18 முதல் 20 வாரத்தில் முதல் முட்டை வரும். அது சிறியதாக இருக்கும், சில நேரம் இரட்டைக் கருவோடு வரும். இளங்கோழியின் உடல் இன்னும் தாளம் பிடிக்காததுதான் காரணம். 25 முதல் 30 வாரத்தில் உச்சம்: நூறு கோழிக்கு நாளுக்குத் தொண்ணூறு முட்டைக்கு மேல். பிறகு மெல்ல இறங்கும். 72 வாரத்துக்கு மேல் எப்போது கழிப்பது என்பது பண்ணையின் கணக்கு, இப்போது 90, 100 வாரம் வரைகூட வைத்திருக்கிறார்கள்.

வயதான கோழியின் முட்டை பெரிதாக இருக்கும், ஓடு மெல்லியதாக இருக்கும். அதே அளவு சுண்ணாம்பைப் பெரிய பரப்பில் பூச வேண்டியிருப்பதால்தான். பெரிய முட்டை வாங்கும்போது இரண்டு மூன்று விரிசல் விட்டிருந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

படி 3: தீவனம், வெளிச்சம், வெக்கை

சிங்கப்பூரில் முட்டைப் பண்ணை நடத்துவதன் பாடு முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

தீவனத்திலிருந்து தொடங்குவோம். ஒரு கோழி நாளுக்கு 100 முதல் 115 கிராம் தின்னும், அதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் முக்கியம். புரதம் 16 முதல் 18 விழுக்காடு இருக்க வேண்டும். ஒரு ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கும் மேல் கால்சியம் செலவாகிறது; ஆனால் ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில், கோழி தின்னாத நேரத்தில் நடக்கிறது. அப்போது அது தன் எலும்புக்குள் சேர்த்து வைத்ததைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இதற்காகவே நல்ல பண்ணைகளில் மாலைத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக இல்லாமல் குருணையாகப் போடுவார்கள், இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்க மெதுவாகக் கரையட்டும் என்று. அம்மா கிளிஞ்சல் ஓட்டை அம்மியில் தட்டி அந்தி நேரத்தில்தான் தூவுவார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

மஞ்சள் கருவின் நிறமும் தீவனத்திலிருந்துதான் வருகிறது. மக்காச்சோளம் தின்றால் மஞ்சள், துலுக்கச் சாமந்திப் பூவின் சாறோ மிளகாய்ச் சாறோ சேர்த்தால் ஆரஞ்சு. பண்ணையாளர்கள் நிற அட்டை வைத்து ஒப்பிட்டே தீவனத்தைச் சரிசெய்வார்கள். ஆரஞ்சு நிறக் கருவில் கூடுதல் சத்து என்று நம்பிக் காசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் சாமந்திப் பூவுக்குத்தான் கொடுக்கிறார்கள். ஒமேகா-3 முட்டை அப்படியில்லை. கோழிக்கு ஆளி விதையோ மீன் எண்ணெயோ கொடுத்தால் அந்தக் கொழுப்பு உண்மையிலேயே கருவுக்குள் போகிறது.

அடுத்தது வெளிச்சம். நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தால்தான் கோழி முழு வேகத்தில் இடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான். மீதியை விளக்கு போட்டு ஈடுகட்ட வேண்டும். முட்டையிடத் தொடங்கிய கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கவே கூடாது. குறைத்தால் இறகு உதிர்த்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது, வெக்கை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. 30 டிகிரியைத் தாண்டினால் வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க உடலிலிருந்து கரியமில வாயு வெளியேறும், ரத்தத்தில் கார்பனேட் குறையும். ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆக, தீவனத்தில் கால்சியம் எவ்வளவு கொட்டினாலும் வெயில் நாளில் ஓடு மெலியும்.

நாமக்கல்லில் கொட்டகையின் பக்கங்களைத் திறந்து விட்டு, காற்றை நம்பி வளர்ப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கே பெரிய பண்ணைகள் மூடிய கொட்டகைகளுக்கு மாறியிருக்கின்றன. ஒரு முனையில் நனைந்த அட்டைச் சுவர், மறுமுனையில் ராட்சத மின்விசிறிகள். ஈர அட்டை வழியாக வரும் காற்று குளிர்ந்து கோழிகளைக் கடந்து போகும். வறண்ட ஊரில் இந்த ஏற்பாடு அற்புதமாக வேலை செய்யும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. இங்கே கோழிகளைக் காப்பது குளிர்ச்சியைவிடக் காற்றின் வேகம்தான்.

கூண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய முறைக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஏ4 தாளைவிடச் சிறிய இடம். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அந்தக் கூண்டுகளைத் தடை செய்தது. கூண்டில்லா முட்டை இங்கேயும் கிடைக்கிறது, விலை கூடுதல். நான் முடிந்தபோது வாங்குகிறேன். சத்து கூடும் என்பதற்காக இல்லை, அந்தக் கோழி சிறகை விரிக்கட்டும் என்பதற்காக.

படி 4: கூண்டிலிருந்து தட்டுக்கு

கூண்டின் தரை சற்றுச் சரிவாக இருக்கும். இட்ட முட்டை உருண்டு ஓடும் பட்டைக்குப் போய்விடும். பட்டை அதைத் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டு போகும். அங்கே கழுவி, கீழிருந்து ஒளி பாய்ச்சி ரத்தப்புள்ளி பார்த்து, சின்னச் சுத்தியலால் தட்டி ஓசையை வைத்தே விரிசல் கண்டுபிடித்து, எடை போட்டு, தேதியும் குறியீடும் அச்சிட்டு அடுக்குவார்கள். கழுவும் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் உள்ளிருப்பது சுருங்கும், ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக வெளியழுக்கு உள்ளே இழுக்கப்படும்.

படி 5: நம் முட்டை எங்கிருந்து வருகிறது

உள்ளூரில் மூன்று பெரிய முட்டைப் பண்ணைகள்: செங் சூன், சியூஸ், என் அண்டு என். அண்மை ஆண்டுகளில் நாம் சாப்பிடும் முட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளூர் முட்டை. காய்கறியும் மீனும் இதற்குக் கிட்டவே வராது. கோழியை மாடி மாடியாக அடுக்கி வளர்க்கலாம், வேலையை இயந்திரம் செய்யும், நிலம் குறைவாகப் போதும். ஆனால் 'உள்ளூர்' என்ற சொல்லில் ஒரு சிறு மோசடி இருக்கிறது: அந்தக் கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் கப்பலில்தான் வருகின்றன.

மீதியில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்து ஜோகூர் கடற்பாலம் தாண்டி வருகிறது. ஒரே கதவை நம்பினால் என்ன ஆகும் என்று நமக்குப் பலமுறை தெரிந்தது. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது மலேசிய முட்டை நின்றது. 2018 டிசம்பரில் மலேசியா முட்டை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதிக்க யோசிப்பதாகச் செய்தி வந்தது. என் தங்கை அன்றே மூன்று தட்டு வாங்கி வைத்துவிட்டு, இரண்டு வாரம் எங்களுக்கெல்லாம் முட்டைக் குழம்பு அனுப்பினாள். போலந்து, உக்ரேன், தாய்லாந்து, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, புருணை என்று முட்டை வரும் நாடுகளின் பட்டியல் நீண்டதற்கு இந்தப் பயம்தான் காரணம்.

எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் ஒப்புதல் பெற்ற பண்ணையிலிருந்துதான் வர வேண்டும். ஓட்டில் அச்சிட்டிருக்கும் பண்ணைக் குறியீட்டைப் பாருங்கள். மலேசிய முட்டை என்றால் சி, இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், அடுத்து மாநிலத்துக்கு ஓர் எழுத்து, பிறகு பண்ணை எண். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியைக் கண்டுபிடித்து ஒரு பண்ணையின் முட்டைகளைத் திரும்பப் பெறும்போது அறிவிப்பில் வருவது இந்தக் குறியீடுதான். தட்டின் அட்டையை அன்றே தூக்கிப் போட்டிருந்தாலும் ஓடு சாட்சி சொல்லும்.

படி 6: கடையில் பார்க்க வேண்டியவை

நான் பார்ப்பது இவ்வளவுதான்: தேதி, விரிசல், ஓடு சுத்தமாக இருக்கிறதா, கடையில் வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறார்களா. நிறம் பார்ப்பதில்லை. 'கம்போங்', அதாவது கிராமத்து முட்டை என்ற சொல்லுக்கும் மயங்குவதில்லை. ஒருமுறை ஒரு கடையில் கம்போங் முட்டை என்று இரட்டை விலைக்கு வாங்கி, பத்தில் நான்கு கலங்கிப்போயிருந்தன. கேட்டால் "கம்போங் முட்டைன்னா அப்படித்தான் ஆன்ட்டி" என்று பதில்.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் இருந்தால் தண்ணீரில் போடுங்கள். படுத்துக்கொண்டால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு ஆனாலும் வேகவைத்துச் சாப்பிடலாம், மிதந்தால் குப்பைக்கு. முட்டை பழசாகும்போது நீர் ஆவியாகி அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாவதுதான் காரணம். மிதக்கும் முட்டை கெட்டது என்று இந்தச் சோதனை நிரூபிக்காது, வயதை மட்டும் சொல்லும். ஆனால் நம் ஊர் வெக்கையில் அவ்வளவு வயதான முட்டையை நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

வீட்டிலேயே கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கூடாது. தரைவீடு இருந்தால் விற்பனைக்கு இல்லாமல் பத்து வரை வளர்க்கலாம், காட்டுப் பறவைகள் நுழையாதபடி கூண்டு அடைப்பாக இருக்க வேண்டும்.

படி 7: வைப்பது

குளிர்பெட்டியில், அகன்ற முனை மேலாக, உள்தட்டில். கதவில் இருக்கும் முட்டை அடுக்கு அழகுக்குத்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கேதான் வெப்பம் ஏறி இறங்கும். வாங்கியதும் குழாயடியில் கழுவி வைப்பது நம் வீடுகளில் பழக்கம். வேண்டாம், படி 4இல் சொன்ன குளிர்நீர் விஷயம் இங்கேதான் கடிக்கும். அழுக்கு இருந்தால் சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். குளிர்ந்த முட்டையை வெளியே வைத்து வியர்க்க விடாதீர்கள்.

படி 8: உடம்புக்கு என்ன கிடைக்கிறது

50 கிராம் முட்டையில் ஏறத்தாழ 70 கலோரி, 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 5 கிராம் கொழுப்பு. உடலால் உருவாக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அளவாக இருக்கின்றன. துவரம்பருப்பில் குறையும் மெத்தியோனின் முட்டையில் தாராளம். சாம்பார் சோற்றோடு அவித்த முட்டை வைக்கும் அம்மாக்கள் வேதியியல் படிக்காமலே சரியாகச் செய்தார்கள். பி12, வைட்டமின் டி, செலினியம், கண்ணுக்கு லூட்டின், 150 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கோலின். கருவுற்ற பெண்களுக்கு இந்தக் கோலின் முக்கியம், சிசுவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் கருவில்தான். வெள்ளையை மட்டும் தின்று மஞ்சளை ஒதுக்குபவர்கள் முட்டையின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இல்லாதவையும் உண்டு. வைட்டமின் சி சுத்தமாகக் கிடையாது, நார்ச்சத்தும் இல்லை. இரும்புச் சத்து கொஞ்சம் இருந்தாலும் மஞ்சள் கருவிலுள்ள பாஸ்விட்டின் என்ற புரதம் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால் உடம்பில் அவ்வளவாகச் சேராது. ரத்தசோகைக்கு முட்டை கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

பச்சை முட்டை குடித்தால் பலம் என்பதும் தலைகீழ். வெந்த முட்டையின் புரதத்தில் 90 விழுக்காடு செரிக்கும், பச்சையில் பாதிதான்.

கொலஸ்ட்ரால்? ஒரு முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு, உணவில் வரும் கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புதான் ரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றும். முட்டையில் அது ஒன்றரை கிராம் அளவே. அமெரிக்க உணவு வழிகாட்டி நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற எண் வரம்பை 2015இல் கைவிட்டது. ஆனாலும் முட்டை பரோட்டாவையும் நாசி லெமாக்கையும் சாப்பிட்டுவிட்டு முட்டைமேல் பழி போடுவதும் சரியில்லை, அந்தத் தட்டில் நெய்யும் தேங்காய்ப்பாலும்தான் குற்றவாளிகள். நீரிழிவு, இதய நோய், பரம்பரைக் கொழுப்புப் பிரச்சினை உள்ளவர்கள் எத்தனை சாப்பிடலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

படி 9: அடுப்பில்

சால்மொனெல்லாவில் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே தொற்றும். ஓடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிருமி உள்ளே இருக்கலாம். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் கவலையில்லை. காப்பிக் கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையை விடச் சொன்னால் என் கணவரே என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார். அவருக்கு நான் கண்டுபிடித்த சமரசம், பேரங்காடியில் கிடைக்கும் பாஸ்ச்சரைஸ் செய்த முட்டை. வெள்ளைக்கரு உறையத் தொடங்கும் 62 டிகிரிக்குக் கீழே, 57 டிகிரி அளவில் நீண்ட நேரம் வைத்துக் கிருமியைக் கொன்றிருப்பார்கள். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியவர்கள் அரைவேக்காடு கேட்டால் இந்த முட்டையைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, பிரியாணிக்கு முப்பது முட்டை அவித்து, தோலோடு பாதி வெள்ளையும் பிய்ந்து வந்து அழுதவர்களுக்கு. புது முட்டைதான் உரிக்கக் கஷ்டம். நாளாக ஆகக் கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கருவில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கூடும், உள்தோலோடு அவ்வளவாக ஒட்டாது. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் மெதுவாக இறக்குங்கள், 11 நிமிடம். எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அதற்கு மேல் கொதிக்க விட்டால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும். மஞ்சளின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்தது அது, கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. அகன்ற முனையில், காற்றறை இருக்கும் இடத்தில் தட்டி, தண்ணீருக்குள்ளேயே வைத்து உரியுங்கள்.